நூற்றெண்பது மரத்துக்கு அப்புறம்

விலாசினி யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் மேலே பார்ப்பாள். சாமி படத்தைத்தான் பார்க்கிறாள் என்று வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவள் பார்ப்பது பல்பை. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், மணப்பெண்ணுக்குத் திருநீறு பூச மேடை ஏறினாள். பந்தலில் ஒரு பல்பு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. "அதுல கெப்பாசிட்டர் போச்சு மக்கா" என்று பெண்ணின் காதில் சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறது.

வயது ஐம்பது. பூவாரில் பிறந்து, தனுவச்சபுரத்துக்குக் கிழக்கே ரப்பர் மேட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பத்தாம் வகுப்பில் தோற்றாள். தோற்ற பாடம் விஞ்ஞானம் என்பதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. கொஞ்சம் பெருமையாகவே சொல்வாள். நாற்பத்திரண்டு வயதில், ஊர்ப் பெண்கள் கூட்டாக நடத்திய எல்இடி பல்பு யூனிட்டில் சேர்ந்தாள். பயிற்சியின் முதல் நாள் தன் விரலைச் சுட்டுக்கொண்டாள். இரண்டாம் நாள் பயிற்சி கொடுக்க வந்த சாரின் சட்டைக் கையைச் சுட்டாள். மூன்றாம் நாளிலிருந்து யூனிட்டிலேயே சுத்தமாகப் பற்ற வைக்கிற கை அவளுடையதுதான். ஐந்து வருஷம் ஓடிய யூனிட், அதைவிட விலை குறைந்த பல்புகள் கடைகளுக்கு வந்ததும் படுத்துவிட்டது. இருந்த சாமான்களைப் பங்கு போட்டபோது மற்றவர்கள் நாற்காலியும் மேசையும் கேட்டார்கள். விலாசினி சால்டரிங் இரும்பையும் மீட்டரையும் கேட்டாள். புத்தி கெட்டவள் என்று பேசிக்கொண்டார்கள். நாற்காலிகளுக்கு இப்போது கால் இல்லை. மீட்டர் நன்றாகவே இருக்கிறது.

அவள் புருஷன் பாலையன் பால் வெட்டுக்காரர். லீலாபாய் டீச்சரின் தோட்டத்தில் இருநூற்று நாற்பது ரப்பர் மரங்களை இருபத்திரண்டு வருஷமாக அவர்தான் வெட்டுகிறார். ஒன்றுவிட்டு ஒரு நாள், விடிய மூன்று மணி நேரம் இருக்கும்போது நெற்றியில் ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு மேட்டுக் கேட்டிலிருந்து தொடங்கி, மரம் மரமாகப் பட்டையைச் சீவி, கீழே ஓடைக்கரையில் முடிப்பார். அதிகம் பேச மாட்டார். பேச வேண்டியதை எல்லாம் விலாசினி பேசிவிடுவதால் அந்த வீட்டில் அவருக்கு அதற்கு அவசியமும் வரவில்லை.

அப்படிப்பட்டவர் ஓணம் கழிந்த வாரம் ஒரு மத்தியானம் வந்து, கத்தியை ஆணியில் மாட்டிவிட்டு, தானாகவே வாயைத் திறந்தார்.

"டீச்சரு வேற ஆள நோக்குதா."

"என்னத்துக்கு?"

"மரத்துல காயம் கெடக்குண்ணு சொல்லுதா. பதினோரு மரம். எல்லாம் இந்த வருசம் உண்டானது ஆக்கும்."

பட்டையைச் சீவும்போது கத்தி ஒரு நூல் ஆழம் கூடினால் போதும், உள்தடியில் பட்டுவிடும். அந்த இடம் பின்னால் முண்டு முண்டாக வீங்கும். மறுபடி அங்கே கத்தி வைக்க முடியாது. காயம் வைக்கிறவன் என்று பெயர் எடுத்தால் பால் வெட்டுக்காரனுக்கு அப்புறம் அந்த வட்டாரத்தில் மரம் கிடைக்காது. லீலாபாய் டீச்சர் முப்பது வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவர். தப்பை மன்னிக்க மாட்டார். ஆனால் மறுபரீட்சை வைப்பார். துலாம் மாசம், அதாவது ஐப்பசி, முடியும்வரை பார்ப்பேன், இன்னொரு காயம் கண்டால் களியக்காவிளைக்காரன் செல்லசாமியிடம் மரத்தைக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார்.

"எனக்க கண்ணு போச்சு பிள்ளே. அவ சொல்லுதது செரி தான்" என்றார் பாலையன்.

விலாசினிக்கு அது பிடிக்கவில்லை. டீச்சர் சொன்னதைவிட, இவர் உடனே சரி என்று ஒப்புக்கொண்டதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். "கண்ணு போனவரு நேத்து சோத்துல கெடந்த கல்லை எங்கன எடுத்தீரு?" என்று கேட்டாள். காயம் கண்ட மரத்தில் குறி போட அவள் ஒரு சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

மழைக்குப் பாவாடை கட்டினாற்போல் பிளாஸ்டிக் சுற்றிய மரங்கள். கேட்டிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே, பிளாஸ்டிக்கைத் தூக்கி, பட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டு நடந்தாள். ஐம்பது மரம். ஒன்றும் இல்லை. நூறு மரம். பட்டை வெண்ணெய் வழித்தது போல் இருந்தது. நூற்றைம்பது தாண்டியும் சாக்குக்கட்டிக்கு வேலை வரவில்லை. நூற்று எண்பத்து நான்காவது மரத்தில் முதல் காயம். அதற்குப் பிறகு எட்டு மரம் தள்ளி ஒன்று. ஓடையை நெருங்க நெருங்க அடுத்தடுத்து. பதினொன்றும் நூற்றெண்பதுக்கு அப்புறம்தான்.

விலாசினி ஓடைக்கரையிலேயே உட்கார்ந்து யோசித்தாள். கண் போனவனுக்கு முதல் மரத்திலேயே போயிருக்க வேண்டும். நூற்றெண்பது மரம்வரை ஒழுங்காக இருந்துவிட்டு அதற்கு மேல் போகிற கண் எங்கே இருக்கிறது?

அன்றைக்கே பாலையனின் ஹெட்லைட்டை முழுக்கச் சார்ஜ் ஏற்றினாள். மறுநாள் காலையில் அடுக்களையில் வைத்து எரியவிட்டு, மீட்டரை இணைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கால் மணிக்கு ஒரு தரம் கரண்டு எவ்வளவு போகிறது என்று சுவர் காலண்டரின் ஓரத்தில் எழுதினாள். மீன் குழம்பு கொதித்து வற்றியது, அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டு மணி நேரம் ஆனபோது கரண்டு பாதிக்கு வந்திருந்தது. மூன்றாவது மணியில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அவள் கண்ணுக்கு அது நன்றாகவே எரிவதாகத்தான் தெரிந்தது. பையப் பைய மங்குகிற வெளிச்சத்தோடு கண்ணும் பையப் பைய ஒத்துப்போய்விடுகிறது. பேட்டரி பழசாகி இந்த வருஷம்தான் இந்த அளவுக்குத் தளர்ந்திருக்கிறது.

பாலையனைச் சாமான் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். மூன்று மணி நேரம் எரிந்த லைட்டைச் சுவரில் அடித்தாள். "செரியா தெரியுதா?" என்று கேட்டாள். தெரிகிறது என்றார். பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கி, அப்போதுதான் சார்ஜ் ஏற்றிய இன்னொரு லைட்டை அதன் பக்கத்தில் அடித்தாள்.

பாலையன் அந்த இரண்டு வட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த மண்ணெண்ண வெளக்கு வெளிச்சத்துலயா நா வெட்டிட்டு இருந்தேன்?" என்றார். கண் போகவில்லை என்று தெரிந்த சந்தோஷம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. அதைப் பார்த்ததும் விலாசினிக்குக் கருகிய மீன் குழம்பைப் பற்றிய வருத்தம் போய்விட்டது.

ஆனால் துலாம் மாசம் முடிய இரண்டு மாசம்தான் இருந்தது. நல்ல லைட் ஒன்றை வாங்கிவிடலாமே என்றார் பாலையன். கடைச் சாமான் எல்லாம் இப்படித்தான், முதலில் பளீர் என்று எரிந்து ஆளை மயக்கிவிட்டு அப்புறம் மங்கும் என்று விலாசினி சொன்னாள். பேட்டரிக்கும் பல்புக்கும் நடுவில் ஒரு டிரைவர் வேண்டும். டிரைவர் என்றால் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சின்ன சர்க்கியூட். பேட்டரி நிறைந்திருந்தாலும் தீரப்போனாலும் பல்புக்கு ஒரே அளவு கரண்டை அளந்து கொடுக்கும். யூனிட்டில் அவள் ஆயிரக்கணக்கான பல்புகளுக்குள் டிரைவரைப் பொருத்தியிருக்கிறாள். ஆனால் அவை வீட்டுக் கரண்டில் ஓடுகிறவை. பேட்டரியில் ஓடுவதை அவளே உண்டாக்க வேண்டும்.

பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து, உயிர் இருந்த இரண்டு செல்லை எடுத்து வரிசையாகச் சேர்த்தாள். கரண்டை வெட்டி வெட்டி விடுகிற சில்லு ஒன்று தபாலில் வந்தது. அதற்கு ஒரு காயில் வேண்டும். பழைய சுருள் பல்புக்குள் இருந்த வளையத்தில் செம்புக் கம்பியைச் சுற்றிப் பார்த்தாள். அது 'கீ' என்று கத்தியது, பிறகு சூடேறியது, பிறகு நாறியது. பாறசாலை ஆக்ரிக் கடையில் குவிந்து கிடந்த பழைய சாமானுக்குள் செத்துப்போன கம்ப்யூட்டர் போர்டு ஒன்றைத் தோண்டி எடுத்து, அதிலிருந்து மஞ்சள் வளையக் காயிலைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அது சத்தம் போடாமல் வேலை செய்தது. எல்லாவற்றையும் ஒரு சோப்பு டப்பாவுக்குள் அடக்கினாள். மழை இறங்காமல் இருக்க, மூடி இடுக்கில் பாலையன் கொண்டுவந்த ரப்பர் பாலையே பூசி அடைத்தாள். டப்பா இடுப்புப் பெல்ட்டில் பின்பக்கம் தொங்கும். வயர் முதுகு வழியாக நெற்றிக்குப் போகும்.

அடுக்களையில் மூன்று மணி நேரம் எரியவிட்டு அளந்தாள். காலண்டரில் முதல் எண்ணும் கடைசி எண்ணும் ஒன்று. அவ்வளவுதான், தான் ஜெயித்துவிட்டதாகவே விலாசினி முடிவு கட்டினாள்.

மறுநாள் பாலையன் அதைக் கட்டிக்கொண்டு போனார். கிழக்கு வெளுக்கத் தொடங்கியும் வரவில்லை. அவள் தேடிக்கொண்டு போனாள். இருநூறாவது மரத்துக்குப் பக்கத்தில் ஒரு பாறையின் மேல் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு அவர் அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

"என்ன இருப்பு இது?"

"லைட்டு ஒரேயடியா அணஞ்சு போச்சு. ஓடப் பக்கம் பாம்பு கெடக்கும். விடியட்டுண்ணு இருந்தேன்."

"மூணு மணி நேரம் கெடக்குமே. அதுக்குள்ள வெட்டித் தீத்திருக்கலாம் இல்லியா?"

"எனக்கு மணி எங்கன தெரியும்? பழைய லைட்டுண்ணா கடைசில லேசா மங்குனது போல தோணும், செரி, விடியப் போவுதுண்ணு கைய வேகமா விடுவேன். இது மங்கவே இல்ல பிள்ளே. நேரம் கெடக்குண்ணு பைய வெட்டிட்டு இருந்தேன்."

விலாசினிக்கு அப்போதுதான் உறைத்தது. இருபத்திரண்டு வருஷமாக வெளிச்சம் மங்குவதுதான் அவருடைய கடிகாரம். மங்க மங்கக் கை வேகமாகும்; மங்கிய வெளிச்சத்தில் வேகமான கை. பின்னே காயம் விழாமல் என்ன செய்யும்? மங்குவதை நிறுத்திய கையோடு அவள் அவருடைய கடிகாரத்தையும் பிடுங்கிவிட்டாள்.

அப்படியானால் பேட்டரி தீரப்போவதைச் சொல்ல ஓர் அடையாளம் வேண்டும். சோப்பு டப்பாவில் ஒரு சிவப்பு விளக்கை வைத்து, தீரப் போகும்போது எரிகிற மாதிரி செய்தாள். அழகாகச் செய்திருந்தாள். பாலையன் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, கழுத்தை வலப்பக்கம் திருப்பிப் பார்த்தார். இடப்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இது பின்னால வாற லாரிக்காரனுக்கா?" என்று கேட்டார்.

அவர் வருஷத்துக்கு ஒரு தரம்தான் கிண்டல் செய்வார். அந்த வருஷத்துக்கு உரியது அன்றைக்குத் தீர்ந்தது. விலாசினி அன்று முழுக்க அவரிடம் பேசவில்லை. அதாவது, வழக்கத்தில் பாதிதான் பேசினாள்.

மூன்றாவது தடவை சிவப்பு விளக்கைப் பிடுங்கி எறிந்தாள். நெற்றி வெளிச்சமேதான் சொல்ல வேண்டும். பேட்டரி ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் கரண்டைச் சட்டென்று பாதியாக்கும்படி சர்க்கியூட்டை மாற்றினாள். பையப் பைய மங்கினால்தானே கண் ஏமாறும். சட்டென்று மங்கினால் தெரிந்துவிடும். கணக்கு சரிதான். ஆனால் மேசையில் வைத்துப் பார்த்தபோது அது பாதியாகி அப்படியே நிற்கவில்லை. மங்கியது, மறுபடி பளீர் என்றது, மறுபடி மங்கியது, அதற்குப் பிறகுதான் நின்றது. ஏன் என்று புரிய அவளுக்கு அரை நாள் பிடித்தது. கரண்டு பாதியானதும் பேட்டரிக்குச் சுமை குறைகிறது. சுமை குறைந்ததும் அது கொஞ்சம் மூச்சு வாங்கி நிமிர்கிறது. நிமிர்ந்ததும் சர்க்கியூட், ஓ, பேட்டரி இருக்கிறதே என்று நம்பி முழுக் கரண்டையும் விடுகிறது. உடனே பேட்டரி மறுபடி தளர்கிறது. அதைச் சரியாக்க இன்னொரு ரெசிஸ்டர் வேண்டும், அளவும் கணக்குப் போட வேண்டும். அவள் ஆர்டர் போட்ட தபால் வந்தபாடில்லை.

வெட்டு நாள் வந்துவிட்டதால் பாலையன் அதையே கட்டிக்கொண்டு போனார். ஏழு மணிக்குள் திரும்பி வந்தார். இருநூற்று நாற்பது மரமும் முடிந்திருந்தது.

"கடைசி மரம் முடிச்சு நிமிந்தேன், கேட்டியா? கண்ணடிச்சுது. ஒரு தடவ இல்ல, ரெண்டு மட்டம். செரி, வீட்டுக்குப் போண்ணு சொல்லுதுண்ணு வந்துட்டேன்."

"அது தப்பு ஆக்கும். ரெசிஸ்டர் வரட்டு, சரியாக்கித் தாறேன்."

"நீ ஒண்ணும் சரியாக்காத" என்றார் பாலையன். ரெசிஸ்டர் வந்தபோது அதை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தான் செய்த தப்பை ஒருத்தர் இப்படிக் கட்டிக் காப்பதைப் பார்க்க விலாசினிக்கு ஆத்திரமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

அதன்பின் ஒரு காயமும் விழவில்லை. துலாம் மாசக் கடைசியில் டீச்சர் ஆள் அனுப்பினார். நாளை வெட்டும்போது தானே வந்து நின்று பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

அன்று சாயங்காலம் இடி இடித்தது. கரண்டு போனது. நடுச்சாமத்துக்கு மேல்தான் வந்தது. பாலையன் பெல்ட்டைக் கட்டுகிற நேரத்தில் விலாசினி பார்த்தாள்: சார்ஜர் இன்னும் சிவப்பாகவே எரிந்தது. பச்சை ஆகவில்லை. மாற்று செல்லும் இல்லை. "இருக்கதுக்கு வெட்டுவோம்" என்று பாலையன் நடந்தார். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

லீலாபாய் டீச்சர் நைட்டிக்கு மேல் ஒரு ஸ்வெட்டரும், காலில் பேரனின் ஷூவும், கையில் டார்ச்சும் குடையுமாக கேட்டில் நின்றிருந்தார். எழுபத்து நான்கு வயது. பரீட்சை ஹாலில் நடப்பது போலப் பின்னாலேயே நடந்தார். பாலையன் வெட்டி நகர்ந்த ஒவ்வொரு மரத்திலும் பட்டையில் விரலை ஓட்டிப் பார்த்தார். நூறு தாண்டியது. நூற்றெண்பது தாண்டியது. விலாசினி மனதுக்குள் பேட்டரியோடு பேசிக்கொண்டே வந்தாள். இன்னும் முப்பது. இன்னும் பத்து.

இருநூற்று முப்பத்தாறாவது மரத்தை முடித்து அடுத்ததற்குக் காலெடுத்து வைத்தபோது வெளிச்சம் கண்ணடித்தது.

பாலையன் நின்றார். கத்தியைத் தூக்கினார். வெளிச்சம் மறுபடியும் கண்ணடித்தது. கத்தியைத் தாழ்த்தினார்.

"என்ன பாலையா?" என்றார் டீச்சர்.

"லைட்டு தீரப் போவுது டீச்சரே. இனி வெட்ட மாட்டேன்."

"இன்னும் நாலு மரம் தானே கெடக்கு. எரிஞ்சிட்டுத் தானே இருக்கு. வெட்டித் தீத்துட்டுப் போ."

"இல்ல டீச்சரே."

"நான் டார்ச் அடிச்சுத் தாறேன்."

"பக்கத்துல இருந்து அடிச்சா கத்தி நெழல் விழும். ஆழம் தெரியாது."

"பாலையா, இன்னைக்கு என்ன நாளுண்ணு ஓர்மை உண்டா?"

விலாசினிக்கு அந்த இடத்தில் அவரை ஓங்கி ஒரு தள்ளு தள்ள வேண்டும் போல் இருந்தது. நாலே நாலு மரம். மூன்று நிமிஷ வேலை. இருபத்திரண்டு வருஷம் அந்த நாலு மரத்தில் போய் நிற்கிறது. இவரானால் வரப்பில் உட்கார்ந்தே விட்டார்.

"டீச்சரே," என்றார், "நான் வச்ச காயம் எல்லாம், இந்தக் கடைசி மரத்த விட்டுட்டுப் போகப் பிடாதுண்ணு நெனச்சு வெட்டினதுல வந்தது ஆக்கும். நீங்க வேற ஆளுட்ட குடுத்தாலும் செரி. விடியாம இதுல கத்தி வைக்க மாட்டேன்."

டீச்சர் டார்ச்சை அணைத்தார். பிறகு குடையை ஊன்றிக்கொண்டு அதே வரப்பில், அவரிடமிருந்து இரண்டு முழம் தள்ளி, மெல்ல உட்கார்ந்தார். ஓடையில் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. விலாசினி அவ்வளவு நேரம் வாய் திறக்காமல் இருந்தது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

வானம் வெளுத்ததும் பாலையன் எழுந்து நாலு மரத்தையும் வெட்டினார். டீச்சர் நாலிலும் விரலை ஓட்டினார். "செல்லசாமியிட்ட வேண்டாம்ணு நான் சொல்லிக்கிடுதேன்" என்றார். ஷூவில் ஒட்டிய சேற்றைப் பட்டென்று ஒரு கல்லில் தட்டிவிட்டு, விலாசினியைப் பார்த்து, "எனக்க வராந்தா பல்பு விட்டு விட்டு எரியுது. வந்து ஒண்ணு நோக்கு" என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறிப் போனார்.

பால் எடுத்து முடித்து வீட்டுக்கு நடக்கும்போது விலாசினிக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"ஒங்கள நெனச்சு எனக்குப் பெருமையாத்தான் இருக்கு. ஆனா அப்பம் எனக்கு, எழவு, நாலு மரம் தானே, வெட்டித் தொலைங்கண்ணு மனசு கெடந்து அடிச்சுது."

"எனக்கும் தான்" என்றார் பாலையன். "கத்திய தூக்கவும் செய்தேன். அப்பம் ரெண்டாவது மட்டமும் கண்ணடிச்சுது."

"அதுக்கு?"

"ஒரு மட்டம்ணா கேக்காதது போல இருக்கலாம். ரெண்டு மட்டம் சொன்னா நீ நின்னு சொல்லுதது போல இருக்கு பிள்ளே. பின்னே எங்கன வெட்ட?"

விலாசினிக்குக் கண் நிறைந்துவிட்டது. அது அவருக்குத் தெரியாமல் இருக்க, வாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, வழியைப் பார்த்து நடங்க என்று அவரிடம் இரண்டு தரம் சொன்னாள்.